சிகிச்சை முடிந்த மறுநாள் யார் துணை?

போதைப்பொருள் பற்றித் தமிழ்நாட்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறது. ஒன்று காவல் நிலையம்: எத்தனை கிலோ கஞ்சா பிடிபட்டது, எத்தனை பேர் கைது, எந்த மருந்துக் கடையில் வலி மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்றார்கள். இன்னொன்று மறுவாழ்வு மையம்: வீட்டில் தாங்க முடியாமல் போனதும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது. ஒரு மாதமோ மூன்று மாதமோ கழித்து, உடம்பு தேறி முகம் தெளிந்து பையன் வீடு திரும்பியதும் குடும்பம் பெருமூச்சு விடுகிறது. கடினமான பகுதி அன்றுதான் தொடங்குகிறது. அதே தெரு, அதே நண்பர்கள், கைப்பேசியில் அதே எண்கள், வேலையில்லாத அதே நீண்ட பிற்பகல். அந்த நாளிலிருந்து அடுத்த சில ஆண்டுகளுக்கு அவருக்கு யார் துணை என்ற கேள்விக்கு நம் அரசுத் திட்டங்களில் உருப்படியான பதில் கிடையாது. பன்னிரண்டு படி முறையைப் பின்பற்றும் மீட்புக் குழுக்கள் அந்தப் பதிலின் ஒரு பகுதியைப் பல ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் சொல்லி வருகின்றன. மருத்துவர்களில் பலர் அவற்றைப் பக்திக் கூட்டம் என்று ஒதுக்குகிறார்கள். அதில் மீண்டவர்களில் சிலர் அதுவே ஒரே வழி என்கிறார்கள். இரு தரப்புமே ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தக் குழுக்களில் வேலை செய்வது எந்தக் கோட்பாட்டையும்விட, நீண்ட நாள் கூடவே வரும் மனிதர்கள்தான் என்பதற்கு இன்று போதுமான சான்று இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டால் அரசு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதும் தெளிவாகிவிடும்.

பிரச்சினையின் அளவை முதலில் பார்ப்போம். ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, ஹெராயின், அபின், வலி மாத்திரை போன்ற ஓபியாய்டு வகைகளால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் நாட்டில் சுமார் 77 லட்சம் பேர் என்று கணித்தது. ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்வோர் சுமார் 8.5 லட்சம். சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் 20 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஓர் உதவியைப் பெற்றிருந்தார். மதுவில் நிலைமை இன்னும் மோசம்: 38 பேருக்கு ஒருவர். ஆகவே சிகிச்சை மையங்களைப் பெருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த இருபதில் ஒருவருக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, போதைச் சிகிச்சைக்குப் பின் மறுபடி அதில் விழுபவர்கள் 40 முதல் 60 சதவீதம் என்றும், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகளின் நிலையும் ஏறக்குறைய அப்படித்தான் என்றும் ஒப்பிட்டுக் காட்டியது. ரத்தக் கொதிப்பு திரும்ப ஏறினால் மாத்திரையின் அளவை மாற்றுகிறோம். போதை திரும்பினால் மட்டும் 'எவ்வளவு செலவு பண்ணியும் இவன் திருந்தலையே' என்கிறோம். வாழ்நாள் முழுவதும் கவனிக்க வேண்டிய நோய்க்கு ஒரு மாத வைத்தியம் பார்த்துவிட்டு, பலிக்கவில்லை என்று நோயாளிமேல் பழி போடுகிறோம். இதில் உயிராபத்தும் உண்டு. சில வாரங்கள் போதையை நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்ததும் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுபோகலாம். வெளியே வந்த முதல் சில வாரங்களே மிக ஆபத்தானவை என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. அந்த வாரங்களில்தான் நாம் அவரைத் தனியே விடுகிறோம்.

சூழல் எவ்வளவு பெரிய சக்தி என்பதற்கு வியட்நாம் போர் ஒரு விசித்திரமான ஆய்வுக்கூடமாக அமைந்தது. அங்கே ஹெராயினுக்கு அடிமையாகி 1971இல் ஊர் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம். மூன்றாண்டுக் கணக்கெடுத்தாலும் 12 சதவீதம்தான். பெரும்பாலானவர்கள் எந்தச் சிகிச்சையும் எடுத்துக்கொள்ளவில்லை. இதைக் காட்டிப் பலர், போதையிலிருந்து மீள யாருடைய துணையும் தேவையில்லை, வயதும் வாழ்க்கையும் மாறினால் தானாகவே விட்டுவிடுவார்கள் என்று வாதிடுவதுண்டு. ஓரளவுக்கு உண்மை, எந்தக் குழுவுக்கும் போகாமல் மீண்டவர்கள் எல்லா நாட்டிலும் ஏராளம். ஆனால் அந்தப் படைவீரருக்கு ஹெராயின் கிடைத்த நாடே ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் போய்விட்டது. கூடப் புகைத்தவர்கள் கலைந்துவிட்டார்கள், போர் பின்னால் தங்கிவிட்டது. நம் ஊரில் போதை மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட ஒரு இளைஞர் மையத்திலிருந்து திரும்பும்போது அவருக்கு அப்படி விட்டு வர ஒரு நாடு இல்லை. அவர் திரும்புவது போதை கிடைத்த அதே இடத்துக்கு. ஊரை மாற்ற முடியாதவருக்குக் குறைந்தபட்சம் ஆட்களையாவது மாற்றிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு படிக் குழுக்கள் செய்வது அதைத்தான்.

இந்த முறை அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் 1935இல் உருவானது. பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரும், இருவருமே மீள முடியாத குடிகாரர்கள் என்று கைவிடப்பட்டவர்கள், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டே குடிக்காமல் இருக்க முடிந்ததைக் கண்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ. அதன் படிகளையே எடுத்துக்கொண்டு, மது என்ற சொல்லை மட்டும் பொதுவாகப் போதை அடிமைத்தனம் என்று மாற்றி, ஜிம்மி கின்னனும் அவருடைய நண்பர்களும் 1953இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நார்காட்டிக்ஸ் அனானிமஸ் என்ற என்.ஏ.வைத் தொடங்கினார்கள். ஏ.ஏ. 1957இல் டெல்லி வழியாக இந்தியாவுக்குள் வந்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஹேஸல்டன் மையத்தில் அவர் கற்றுவந்த முறையை நம் குடும்பச் சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. ஆக, தமிழ்நாட்டுக்கு இது நேற்று வந்த சரக்கில்லை.

ஒரு என்.ஏ. கூட்டத்தில் நடப்பதைப் புறத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். தேவாலயத்து அறையோ பள்ளிக்கூட அறையோ வாடகைக்கு எடுத்திருப்பார்கள். மருத்துவரும் கிடையாது, ஆலோசகரும் கிடையாது, வருகைப் பதிவேடும் கிடையாது. கட்டணம் இல்லை, கடைசியில் ஒரு பை சுற்றி வரும், விரும்பிய உறுப்பினர் விரும்பியதைப் போடலாம். வெளியார் நன்கொடை கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. உறுப்பினராக ஒரே தகுதி, போதையை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். ஒருவர் முதல் பெயரை மட்டும் சொல்லித் தன் கதையைப் பேசுவார். மற்றவர்கள் குறுக்கே அறிவுரை சொல்லாமல் கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கும், வழுக்கி விழுந்து மறுபடி வந்தவருக்கும் ஒரே வெள்ளை நிறச் சாவி வில்லை. முப்பது நாள் 'க்ளீன்' என்றால் ஆரஞ்சு, அறுபதுக்குப் பச்சை, தொண்ணூறுக்குச் சிவப்பு. திரும்பி வந்தவருக்குக் கைதட்டுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் அந்த ஆளுக்குக் கிடைப்பது வேறு. படிகள் என்று சொல்லப்படுபவையும் பெரிய மர்மம் எதுவுமில்லை: தன்னால் தனியாக இதைச் சமாளிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது, தன்னைவிடப் பெரிய ஒன்றின் உதவியை நாடுவது, தன் குற்றங்குறைகளை எழுதி இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வது, தீங்கிழைத்தவர்களைப் பட்டியலிட்டு இயன்றவரை ஈடுசெய்வது, பிறகு தன்னைப்போல் இருக்கும் இன்னொருவருக்கு உதவுவது. இதைக் கையைப் பிடித்து நடத்திச் செல்பவர் 'ஸ்பான்சர்' எனப்படும் மூத்த உறுப்பினர். இரவு பதினொரு மணிக்கு ஏக்கம் தலைக்கேறும்போது அழைக்க ஒரு எண் இருக்கிறது என்பதுதான் நடைமுறையில் இதன் முதல் பயன். எந்த மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவும் அந்த நேரத்தில் திறந்திருக்காது.

இதெல்லாம் நன்றாக இருக்கிறது, பலிக்கிறதா என்று கேட்பவர்களுக்குப் பல ஆண்டுகள் நேர்மையான பதில் 'தெரியாது' என்பதாகவே இருந்தது. மருத்துவச் சான்றுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2006இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஏ.ஏ. முறை மற்றவற்றைவிடச் சிறந்தது என்பதற்குத் தெளிவான சோதனைச் சான்று இல்லை என்றது. விமர்சகர்கள் அதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே அமைப்பு 2020இல் வெளியிட்ட மறு ஆய்வை அவர்கள் பார்ப்பதில்லை. 27 ஆய்வுகள், 10,565 பேர். அதில் ஏ.ஏ.யில் சேர முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் முற்றிலும் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். உளவியல் சிகிச்சை உள்ளிட்ட பிற முறைகளில் 35 சதவீதம். சுகாதாரச் செலவும் குறைந்தது. குடிக்கும் அளவைக் குறைத்துக்கொள்வது போன்ற மற்ற கணக்குகளில் இது பிற சிகிச்சைகளுக்குச் சமம்தான், மேலல்ல. ஏழு சதவீதப் புள்ளி வித்தியாசத்தை அற்புதம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பயிற்சி பெற்ற உளவியலாளர் மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் சிகிச்சையோடு, காசே வாங்காத ஒரு கூட்டம் தோளோடு தோள் நிற்கிறது, சில இடத்தில் ஒரு படி முந்துகிறது என்றால், பல மாவட்டங்களில் ஒரு கை விரல்களுக்குள் எண்ணக்கூடிய மனநல மருத்துவர்களே உள்ள நம் நாட்டில் அது சிறிய விஷயமா?

இங்கே இரண்டு மறுப்புகள் வரும், இரண்டும் கனமானவை. ஆர்வமுள்ளவர்கள்தானே கூட்டத்துக்குப் போகிறார்கள், அவர்கள் எப்படியும் மீண்டிருப்பார்களே என்பது ஒன்று. கீத் ஹம்ப்ரீஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2014இல், ஏற்கெனவே நடந்த சோதனைகளின் தரவுகளை எடுத்து, ஆர்வத்தால் வரும் வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தார்கள். கூட்டத்துக்குப் போவதால் மட்டும் கிடைக்கும் பலன் அப்போதும் மிஞ்சியது. ஏற்கெனவே மிக அதிகமாகக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் கூடுதல் பலன் தெரியவில்லை. இன்னொரு மறுப்பு, இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி மதுவைப் பற்றியவை, மற்றப் போதைகளுக்கு அப்படியே பொருத்த முடியுமா என்பது. முழுமையாக முடியாது. போதைப்பொருள் குறித்த சான்று மெலிவுதான். ஆனாலும் அமெரிக்காவில் கொகெய்ன் அடிமைகள் 487 பேரிடம் நடத்தி 1999இல் வெளியான பெரிய ஒப்பீட்டில், பன்னிரண்டு படி நோக்கிலான தனி ஆலோசனையும் குழு ஆலோசனையும் சேர்ந்த முறை, மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடப் போதைப் பயன்பாட்டை அதிகமாகக் குறைத்தது. பலன் எப்படி வருகிறது என்று தேடிய ஆய்வுகள் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. ஆன்மிக மாற்றம் சிலருக்குப் பங்களிக்கிறது. பெரும்பாலோருக்குப் பங்களிப்பது நட்பு வட்டம் மாறுவது. குடிக்கும் நண்பர்கள் குறைகிறார்கள், குடிக்காத நண்பர்கள் கூடுகிறார்கள்.

நமக்கு இது புதிய செய்தியாக இருக்கக் கூடாது. ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் தமிழ்நாட்டின் எத்தனை தெருக்களில் தினமும் குடித்தவர்கள் நாற்பத்தெட்டு நாள் தொடாமல் இருக்கிறார்கள்! சாமிக்குப் பயந்து என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பயம் மட்டும் போதுமென்றால் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டவர்கள் அனைவரும் மீண்டிருக்க வேண்டும். மாலை போட்டவருக்குக் கயிறு கட்டியவருக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. ஊரே அவரை 'சாமி' என்று அழைக்கிறது. விடிகாலைக் குளியல், குருசாமி வீட்டு பஜனை, கூட்டாகச் சாப்பாடு, தரையில் படுக்கை என்று நாள் முழுவதும் வேலை இருக்கிறது. கூடவே அவரைப்போல் மாலை போட்ட பத்துப் பேர். மலை ஏறி இறங்கி மாலையைக் கழற்றியதும் அந்தக் கூட்டம் கலைகிறது. சாமி மறுபடி பழைய பெயருக்குத் திரும்புகிறார். பலர் அந்த வாரமே டாஸ்மாக்கில் நிற்கிறார்கள். நம்பிக்கை குறைந்துவிடவில்லை, கூட்டம்தான் இல்லாமல் போனது. ஆண்டு முழுவதும் கலையாத கூட்டம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கான விடையைத்தான் ஏ.ஏ.யும் என்.ஏ.யும் தேடிக்கொண்டிருக்கின்றன.

கடவுள் பற்றிய ஆட்சேபம் இந்த மண்ணில் இயல்பாகவே எழும். படிகளில் கடவுள் வருகிறார், மறுக்க முடியாது, ஏ.ஏ. ஆக்ஸ்ஃபோர்ட் குரூப் என்ற கிறித்தவ இயக்கத்திலிருந்து பிறந்தது. ஆனால் 1938இல் படிகள் எழுதப்பட்டபோதே, தொடக்க உறுப்பினர்களில் நம்பிக்கையற்றவர்கள் சண்டை பிடித்து, கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி என்ற திருத்தத்தைச் சேர்க்க வைத்தார்கள். அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்ளும் நாத்திகர்கள் உலகெங்கும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். மறுபக்கம், என்.ஏ. மிக ஆழமாக வேரூன்றிய நாடுகளில் ஒன்று இஸ்லாமியக் குடியரசான இரான். ஆக, கிறித்தவ மூலத்தைக் காட்டி இதை நிராகரிப்பது வலுவான வாதமல்ல. என்றாலும் ஆட்சேபத்தின் சாரத்தை அரசு மதிக்க வேண்டும். கூட்டத்துக்குப் போகத் தயங்கும் பகுத்தறிவாளர் ஒருவரை நீதிமன்றமோ சிறை அதிகாரியோ கட்டாயப்படுத்துவது தவறு. அமெரிக்காவில் 1996இல் நியூயார்க் மாநில உயர் நீதிமன்றமும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களும், பின்னர் 2007இல் மேற்குக் கடற்கரையின் மேல்முறையீட்டு நீதிமன்றமும், கைதிகளையும் பரோலில் உள்ளவர்களையும் இத்தகைய கூட்டங்களுக்குக் கட்டாயமாக அனுப்புவது மதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தன. நாமும் அந்த எல்லையைத் தொடக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம். வழி காட்டலாம், தள்ளிக்கொண்டு போகக் கூடாது. தன் இயலாமையை ஒப்புக்கொள்ளச் சொல்வது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழி என்ற இன்னொரு குற்றச்சாட்டு எனக்கு ஏற்புடையதாக இல்லை. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதும், அடித்த மனைவியிடமும் திருடிய அண்ணனிடமும் போய் நிற்பதும் அந்தப் படிகளிலேயே இருக்கின்றன. பொறுப்பைத் தட்டிக்கழிப்பவர் அந்தப் படிகளுக்கு முன்பே நழுவிவிடுவார்.

உண்மையான சிக்கல் மருந்தில் இருக்கிறது. ஓபியாய்டு அடிமைகளுக்கு மெத்தடோன், பியூப்ரனார்ஃபின் போன்ற மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் கொடுப்பது உயிரைக் காக்கிறது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், மெத்தடோன் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 11.3 மரணம், நிறுத்திய பிறகு 36.1. பியூப்ரனார்ஃபினில் 4.3க்கு 9.5. இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் இந்த மருந்து இலவசமாகவே தரப்படுகிறது. என்.ஏ.வோ போதையை முற்றிலும் விடுவதையே மீட்பு என்று கருதும் அமைப்பு. அதன் சில குழுக்களில் இத்தகைய மருந்து எடுப்பவர்கள் வரலாம், கேட்கலாம், ஆனால் பேச வேண்டாம் என்று சொல்வதுண்டு. 'அந்த மாத்திரையும் போதைதான், அதை விட்டால்தான் நீ க்ளீன்' என்று ஒரு மூத்த உறுப்பினர் சொல்லும் ஒரு வாக்கியம் ஆளைக் கொன்றுவிடக்கூடும். மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் எடுக்கும் மாத்திரையை இப்படி நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு. மருத்துவம் எங்கள் வேலையல்ல என்று அவர்களுடைய விதிகளே சொல்லும்போது, இது அந்த விதியையே மீறுவது. இந்தப் பகைமை தவிர்க்க முடியாததும் அல்ல. மெத்தடோன் சிகிச்சையை உருவாக்கிய வின்சென்ட் டோல், 1960களில் ஏ.ஏ.யின் அறங்காவலராக இருந்தவர். குடிப்பழக்கத்துக்கும் அப்படி ஒரு மருந்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி அவரிடம் கேட்டவர் பில் வில்சன். முறையைத் தொடங்கியவருக்கே மருந்தோடு விரோதம் இல்லை என்றால் பின்வந்தவர்களுக்கு எதற்கு? இந்தக் குழுக்களுக்கு ஆட்களை அனுப்பும் ஒவ்வொரு மருத்துவரும், எந்த மருந்தையும் என்னைக் கேட்காமல் நிறுத்தாதே என்று எழுதியே கொடுக்க வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. பெண்களுக்கு இந்தக் கூட்டங்கள் எளிதில் எட்டுவதில்லை. ஆண்கள் நிறைந்த அறையில், போதைப் பழக்கம் இருந்தது என்று ஒரு பெண் சொல்வதற்கு இங்கே என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புதிதாக வந்த பெண்களிடம் பழைய ஆண் உறுப்பினர்கள் தவறாக நடந்துகொள்வது உலகெங்கும் இந்தக் குழுக்களுக்குள்ளேயே ஒப்புக்கொள்ளப்பட்ட பிரச்சினை. பெண்களுக்கெனத் தனிக் கூட்டம், பெண்ணுக்குப் பெண்ணே ஸ்பான்சர் என்ற வழக்கத்தை உறுதியாகப் பிடிப்பது தவிர வேறு வழியில்லை. நம் ஊருக்கே உரிய இன்னொரு குழப்பம், 'பன்னிரண்டு படி சிகிச்சை' என்று பலகை மாட்டிக்கொண்டு மாதம் இத்தனை ஆயிரம் என்று வசூலிக்கும் தனியார் மையங்கள். இவற்றில் நன்றாக நடத்தப்படுபவை உண்டு. ஆளைப் பூட்டி வைத்து அடிப்பவையும் உண்டு. அடியில் உயிர் போய்க் காவல் துறை வழக்குப் பதிந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாத மையத்துக்கும் இந்தக் குழுக்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அடையாளம் காண்பது சுலபம்: படிகளைச் சொல்லிக் காசு கேட்டால் அது என்.ஏ. அல்ல.

அரசு செய்ய வேண்டியது செலவு பிடிக்கும் வேலையே இல்லை. நன்கொடையை வாங்காத அமைப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. இடம் வேண்டும்: அரசு மருத்துவமனைகளிலும் ஊராட்சிக் கட்டடங்களிலும் நூலகங்களிலும் மாலை ஏழு மணிக்கு ஓர் அறையைச் சொற்ப வாடகைக்குத் திறந்துவிடலாம். இன்று பெரும்பாலான கூட்டங்கள் பெரிய நகரங்களில்தான். விழுப்புரத்திலோ ராமநாதபுரத்திலோ ஒரு மாத்திரை அடிமைக்குத் தமிழில் கூட்டம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கையளித்தல் வேண்டும்: 'கலங்கரை' என்ற பெயரில் 2025இல் அரசு மருத்துவமனைகளில் தொடங்கப்பட்ட போதை மீட்பு மையங்களில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில், துண்டுச் சீட்டில் ஒரு முகவரி எழுதிக் கொடுப்பது போதாது. அவர் உள்ளே இருக்கும்போதே ஓர் உறுப்பினரை வரவழைத்து அறிமுகப்படுத்தி, முதல் கூட்டத்துக்கு அவரே கூட்டிப்போக ஏற்பாடு செய்ய வேண்டும். 2020இன் காக்ரேன் அறிக்கையில் பலன் தந்ததும் இப்படிக் கைப்பிடித்து இணைத்த முறைதான், போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டது அல்ல. சிறைகளிலும் இதே ஏற்பாடு வேண்டும், விடுதலை நாளுக்கு முன்பே.

காவல் துறைக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது, அது விலகி நிற்கும் பங்கு. போதைப்பொருள் பயன்படுத்துவதே 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; பிடிபட்டால் பொருளுக்கேற்ப ஆறு மாதம் அல்லது ஓராண்டுவரை சிறை. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. இந்தப் பிரிவை அறிந்த வழக்கறிஞர்களே குறைவு. கூட்டம் நடக்கும் அறை வாசலில் ஒரு சீருடை தெரிந்தால் அடுத்த வாரம் அங்கே யாரும் வரமாட்டார்கள். பெயர் சொல்லாமல் இருப்பது அவர்களுக்கு வெட்கத்தால் வந்த பழக்கம் மட்டுமல்ல, பிழைப்பதற்கான வழி. பள்ளிகளில் மாணவர்களை வரிசையில் நிறுத்தி உறுதிமொழி வாங்கிப் புகைப்படம் எடுப்பதில் காட்டும் உற்சாகத்தில் கால்பங்கையாவது, ஏற்கெனவே விழுந்து எழ முயல்பவர்களைத் தொந்தரவு செய்யாமல் விடுவதில் மாவட்ட நிர்வாகங்கள் காட்டலாம்.

வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்றால், ஒன்றிய அரசின் இலவச உதவி எண் 14446. மையத்தில் சேர்ப்பதற்கு முன்பே அங்குள்ள மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இந்த மையம் மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, வெளியே வந்த மறுநாள் இவரை யாரிடம் ஒப்படைப்பீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள்.